மீனை எடுத்தது யார்?

பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் அம்மா தினமும் ஒரு மாத்திரையை என் உள்ளங்கையில் வைப்பாள். மஞ்சளாக, வழுவழுவென்று, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே எண்ணெய் அசைவது தெரியும். "முழுங்குடி, கண்ணுக்கு நல்லது." தப்பித்தவறிக் கடித்துவிட்டால் அன்று பூராவும் ஏப்பத்தில் மீன் வாடைதான். டப்பாவில் காட் லிவர் ஆயில் என்று எழுதியிருக்கும். காட் என்பது ஒரு மீனின் பெயர் என்பதே எனக்குக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சும்மா ஓர் ஆர்வத்தில் அதைப் பற்றிப் படிக்கப் போய், ஒரு மந்திரி சொன்ன வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன்.

1992 ஜூலை 1. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் பே புல்ஸ் என்ற சிறு துறைமுகம். மீன்வளத்துறை மந்திரி ஜான் க்ராஸ்பியை மீனவர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். காட் மீன்பிடிக்குத் தடை வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அவரும் அந்தத் தீவுக்காரர்தான். கோபத்தில் கத்துகிறார்: கடலிலிருந்து மீனை எடுத்தது நான் இல்லை! மறுநாள் தடையை அறிவித்தார். வாரத்துக்கு 225 டாலர் நிவாரணம் என்று கேட்டதும் வெளியே நின்ற மீனவர்கள் கதவை உடைக்கப் பார்த்தார்கள். ஏறத்தாழ முப்பதாயிரம் பேருக்கு வேலை போனது. இரண்டு வருடத் தடை என்றுதான் முதலில் சொன்னார்கள்.

க்ராஸ்பி சொன்னது பொய் இல்லை. அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

1497இல் ஜான் கபோட் அங்கே போய்வந்தபோது, கூடையில் கல்லைக் கட்டி இறக்கினாலே மீன் வரும் என்ற பேச்சு ஐரோப்பாவில் பரவியது. 1883இல் தாமஸ் ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானி, காட் போன்ற கடல்மீன்வளம் வற்றாதது என்றார். அன்றைய மீன்பிடி முறைகளை வைத்துத்தான் சொல்கிறேன் என்று ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். நிபந்தனையை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? 1954இல் பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறையவைக்கும் தொழிற்சாலைக் கப்பல் வந்தது. 1968இல் அந்த வடக்குக் காட் கூட்டத்திலிருந்து மட்டும் எட்டு லட்சம் டன் பிடித்தார்கள். 1977இல் கனடா 200 கடல்மைல் எல்லை வகுத்து வெளிநாட்டுக் கப்பல்களை விரட்டியது. சரி, மீன் பிழைத்தது என்று பார்த்தால், அவன் போன இடத்தில் நம்மாள் கப்பல் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

எண்பதுகளில் தூண்டிலும் கரையோர வலையும் வைத்திருந்த சிறு மீனவர்கள், மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இழுவைக் கப்பல்களுக்கோ வலை நிறைய மீன். கோடையில் குளம் வற்றும்போது மீனெல்லாம் நடுப்பள்ளத்தில் வந்து சேருமே, அப்போது வலை போடுகிறவனுக்கு "அடேயப்பா, எவ்வளவு மீன்!" என்றுதானே தோன்றும்? மிச்சமிருந்த காட் ஒரே இடத்தில் குவிய, ஒலிக்கருவி அந்த இடத்தைக் கப்பலுக்குக் காட்டிக்கொடுத்தது. கப்பல்களின் வரவையும் சேர்த்துத்தான் அரசு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். கரையோர மீனவர் சங்கம் 1986இல் தானே ஆய்வாளர்களை அமர்த்தி, அந்தக் கணக்கு தப்பு என்று அறிக்கை கொடுத்தது. எடுபடவில்லை. 1989க்கு விஞ்ஞானிகளே 1,25,000 டன்னாகக் குறைக்கச் சொன்னபோது, அரசு 2,35,000 டன்னுக்கு அனுமதி கொடுத்தது. ஊருக்கு வேலை வேண்டுமே.

இப்போது ஒவ்வொருவராகக் கேளுங்கள். கப்பல் தலைவன், "அனுமதிச்ச அளவைத்தான் பிடிச்சேன்" என்பான். விஞ்ஞானி, "இருந்த தகவலை வச்சு சொன்னேன்" என்பார். மீனை ஐஸில் அடுக்கிய பெண், "எனக்குத் தெரிஞ்ச வேலை இதுதான்" என்பாள். மந்திரி, நான் எடுக்கவில்லை என்பார். ஒருத்தர் சொல்வதும் பொய்யில்லை. ஒரு பெண் காட் லட்சக்கணக்கில் முட்டையிடும். எந்த ஒரு மீனைக் காட்டி, இதைப் பிடித்ததுதான் தப்பு என்று சொல்வது?

டெரக் பார்ஃபிட் 1984இல் ஒரு புதிர் போட்டார். ஆயிரம் பேர் ஆளுக்கொரு பொத்தானை அழுத்துகிறார்கள். ஒரு அழுத்தலில் கைதிக்குக் கூடும் வலி அவனுக்கே தெரியாது. ஆயிரமும் சேர்ந்தால் தாங்கவே முடியாத வலி. யாருமே தப்பு செய்யவில்லையா? சேர்ந்து செய்ததால் எல்லோருமே செய்தார்கள் என்பது பார்ஃபிட்டின் பக்கம்.

படித்ததும் எனக்கும் சரி என்றுதான் பட்டது. பிறகு அந்த 1986 அறிக்கை ஞாபகம் வந்தது. ‘நாம் எல்லோரும்தான் காரணம்’ என்பது கேட்கப் பணிவாக இருக்கிறது. ஆனால் அந்த ‘நாம்’ என்கிற மடிக்குள் கத்திக் கத்திப் பார்த்த தூண்டில்காரனும் மாட்டுகிறான், அவன் பக்கத்தில் கப்பல் முதலாளி சௌகரியமாக ஒளிந்துகொள்கிறான். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பதைவிட, யாரால் நிறுத்தியிருக்க முடியும், நிறுத்தியும் ராச்சாப்பாடு யாருக்குக் கிடைத்திருக்கும் என்று கேட்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. அப்படிக் கேட்டால் க்ராஸ்பியின் வாக்கியம் உண்மையாகவே இருந்தும் அவருக்கு உதவாது. மீனை எடுக்காதவர்தான். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த அமைச்சரவையின் கையில்தான் பேனா இருந்தது.

முடியாத காரியமும் இல்லை. பேரன்ட்ஸ் கடலில் காட் குறைந்தபோது, நார்வே 1989லேயே பருவத்தின் நடுவில் கரையோர மீன்பிடியை மூடியது, அடுத்த வருட அளவைக் கடுமையாக வெட்டியது. அங்கேயும் மீனவர்கள் அடிபட்டார்கள். ஆனால் மீன் மீண்டது. 2013இல் பத்து லட்சம் டன் பிடிக்க அனுமதிக்கும் அளவுக்கு. (2025இல் அது 3,40,000 டன்னுக்கு இறங்கிவிட்டது. ஒருமுறை ஒழுங்காக நடந்துகொண்டதற்காகக் கடல் பட்டயம் எழுதித் தருவதில்லை.)

நியூஃபவுண்ட்லாந்தின் இரண்டு வருடம் 32 வருடமாக நீண்டது. 2024 ஜூனில் கனடா தடையை நீக்கி 18,000 டன் அனுமதித்தது. அடுத்த வருடமே 38,000. மீன் முழுதாகத் தேறியதால் அல்ல. அபாயக் கட்டத்திலிருந்து எச்சரிக்கைக் கட்டத்துக்கு வந்திருந்தது, அவ்வளவுதான்.

1992இல் இருபது வயதில் படகைக் கரையேற்றியவருக்கு இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அப்பா சொன்ன எச்சரிக்கையை யாரும் கேட்காமல், தண்டனையை மட்டும் அனுபவித்தவர். கடல் திறந்த அன்று அவரிடம் போய், "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, எச்சரிக்கைக் கட்டம்தான்" என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவர் திருப்பிக் கேட்டால், கடலிலிருந்து மீனை எடுத்தது நான் இல்லை என்றுதான் நானும் சொல்வேன். தினம் ஒன்று வீதம் பத்து வருடம் முழுங்கியிருக்கிறேன்.

இருந்தாலும் பொறுக்கத்தான் சொல்வேன். ஆனால் அவரிடம் இல்லை. முதலில் பெரிய கப்பல்களைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்கச் சொல்வேன். அவர் தூண்டிலோடு போய்வரட்டும்.