இடையிட்டு வரும் ஓசையும் உதயனர் வாதமும்

எப்பொழுதும் இருப்பதைக் குறித்து மனிதன் காரணம் வினவுவது அபூர்வம். ஒரு சமயம் தோன்றி மறுசமயம் மறைவதைக் கண்டால்தான் அவன் மனம் அமைதி இழந்து, இது எதனால் வந்தது, எதனால் போயிற்று என்று தேடப் புறப்படுகிறது. மிதிலை நாட்டு நையாயிகராகிய, அதாவது நியாய தர்க்கவாதியாகிய, உதயனாசாரியர், ஈசுவரன் உண்டென்று நிலைநாட்டத் தாம் எழுதிய நியாயகுஸுமாஞ்ஜலியின் முதல் ஸ்தபகத்தில் (அத்தியாயத்தில்), இந்தச் சாதாரண இயல்பையே பெரியதொரு வாதத்துக்கு அஸ்திவாரமாக இட்டார். சில வேளை இருந்து சில வேளை இல்லாமற்போகும் எப்பொருளும் தன்னினும் வேறாகிய ஒன்றை அபேக்ஷித்தே நிற்க வேண்டும். ஒன்றையும் அபேக்ஷியாத பொருளாயின் அது என்றைக்கும் இருந்திருக்கும், அல்லது என்றைக்குமே இல்லாதிருக்கும் என்பது அவர் கூற்றின் சாரம். இதிலிருந்து படிப்படியாக ஏறி, மனிதரின் சுகதுக்க வேறுபாடுகளுக்கும் கண்ணுக்குப் புலனாகாத ஒரு காரணம், அதாவது அதிருஷ்டம், உண்டு என்று அவர் நிலைநாட்ட முற்படுகிறார்.

இவ்வாதம் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பது, எங்கள் உறவினர் ஒருவருடைய பழைய டிராக்டரை முன்னிட்டு எனக்குத் தெளிவாயிற்று. காவிரிப் பாசனத்து ஊர். மூன்று சிலிண்டர் டீசல் வண்டி. காலையில் கிளப்பினால் குற்றம் சொல்ல இடமின்றி ஓடும். கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறக்கி, நாலைந்து மா உழுது எஞ்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, உள்ளிருந்து யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் 'டொக் டொக்' என்று ஒரு சப்தம் எழும். சிறிது நேரம் தட்டிவிட்டு, காரணம் கூறாமலே அடங்கிவிடும். மெக்கானிக்கை அழைத்து வந்து நிறுத்தினாலோ, சொல்லி வைத்தாற்போல் வாயே திறக்காது.

ஊரார் அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை. அது அகஸ்மாத்தாக வருவது, பொருட்படுத்தாதே என்றார் ஒருவர். வயதான வண்டியின் சுபாவமே அதுதான் என்றார் மற்றொருவர். கண்ணேறு பட்டிருக்கிறது, பூசணிக்காய் உடைத்து எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கு என்றார் மூன்றாமவர். முதல் இருவரும் உதயனர் காலத்திலேயே அவருக்கு எதிரே அமர்ந்திருந்தவர்கள்தாம். முதுமையின் சுபாவமே தட்டுவது என்றால் காலையிலும் தட்டியிருக்க வேண்டும். உதயத்தில் இளமையாயிருந்து உச்சிப்பொழுதுக்குள் கிழமாகிவிடும் வண்டியை நான் பார்த்ததில்லை. சூடேறிய பின்பே வருகிறது, அதற்கு முன் வருவதில்லை என்னும் வரையறை ஒன்று இருக்கும்போது, அகஸ்மாத்து என்ற சொல் தேடுவதற்குச் சோம்பியவனின் சமாதானமாகுமேயன்றி விடையாகாது.

பட்டணத்துப் பட்டறையிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர், முந்தியவர்களைப்போல் நிழலில் நின்ற வண்டியை முறுக்கிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லையே" என்று போய்விடவில்லை. "அண்ணே, நின்ன வண்டியில நான் எதைக் கேக்கறது? வயல்ல எறக்கி ஓட்டுங்க, சூடேறட்டும், அப்புறம் பேசுவோம்" என்றார். பானை இங்கே இருந்தால் கண்ணில் பட்டிருக்கும், படவில்லை, ஆகையால் இல்லை என்று துணியலாம். ஆனால் படுவதற்குரிய சூழ்நிலையே அமையாத இடத்தில், காணாமையைக் கொண்டு இன்மையைத் துணியலாகாது. யோக்யாநுபலப்தி என்று சாஸ்திரம் பெயரிட்டு வைத்திருக்கும் இந்த நுட்பத்தை அவர் ஏட்டில் படித்திருக்கமாட்டார். படித்தவர்களில் எத்தனை பேர் அதன்படி நடக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

உழுது முடித்து, சப்தம் கேட்கத் தொடங்கியதும் வண்டியை வரப்போரம் நிறுத்தி, எஞ்ஜினை அணைக்காமல் மெதுவாக ஓடவிட்டார். நீண்ட திருப்புளியின் முனையை எஞ்ஜின்மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்து ஒவ்வோரிடமாகக் கேட்டார். பின்பு டீசல் பீறிடாதபடி பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, முதல் சிலிண்டருக்கு டீசல் செல்லும் குழாயின் நட்டை ஸ்பேனரால் சற்றே தளர்த்தினார். எஞ்ஜின் திணறிற்று, தட்டல் நிற்கவில்லை. அதை இறுக்கிவிட்டு இரண்டாவதைத் தளர்த்தினார். திணறலோடு தட்டலும் நின்றது. இறுக்கினார்; திரும்பி வந்தது. உள்ளபோது உண்டு, இல்லாதபோது இல்லை என்னும் அன்வய வியதிரேகத்துக்கு இதைவிடத் துல்லியமான உதாரணத்தை எந்தத் தர்க்க நூலிலும் நான் கண்டதில்லை.

இந்த இடத்தில்தான் அவசரக்காரர்கள் வழுக்கி விழுவார்கள். இரண்டாம் சிலிண்டரில்தான் குற்றம், கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்துவிட்டது, எஞ்ஜினை இறக்கிப் பிரி என்று எங்கள் உறவினரே முடிவு கட்டிவிட்டார். மெக்கானிக் தலையை அசைத்தார். டீசலை நிறுத்தினால் அந்தச் சிலிண்டரில் வெடிப்பு நிற்கிறது. வெடிப்பு நின்றால் தேய்ந்த பேரிங்கின் மேல் விழும் அடியும் குறையும், இன்ஜெக்டர் நாசிலின் கோளாறும் மறையும். இரண்டு காரணங்களும் ஒரே அடையாளத்தைக் காட்டி நிற்க, ஒன்றை மட்டும் பற்றிக்கொள்வது எப்படி? நையாயிகர் உபாதி என்று எச்சரிப்பது இத்தகைய மறைந்த நிபந்தனையைத்தான். மெக்கானிக் எஞ்ஜினை அணைத்து ஆறவிட்டு, இரண்டாம் சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றி முதலாவதில் மாட்டி, அதனுடையதை இதில் மாட்டினார். குற்றம் பேரிங்கினுடையதாயின் சப்தம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நாசிலினுடையதாயின் அதனோடு இடம் பெயர வேண்டும். மறுபடியும் சேற்றில் இறக்கி உழுதபோது, சப்தம் முதல் சிலிண்டருக்குக் குடிபோயிருந்தது. நாசிலினுள் இருக்கும் ஊசி, சூடேறியதும் சிக்கிக்கொண்டு, டீசலைப் பனிபோல் தூவாமல் சொட்டவிட்டிருக்கிறது. ஊசி விடுபட்டபோதெல்லாம் தட்டலும் அடங்கியிருக்கிறது. புது நாசில் போட்டதோடு காரியம் முடிந்தது.

பூசணிக்காயை நான் பழிக்க வரவில்லை. ஆயுத பூஜையன்று அந்த வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவதில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் திருஷ்டமான காரணம் கிடைக்கக்கூடிய இடத்தில் அதிருஷ்டத்தைக் கற்பிப்பது தகாது என்பது ஆஸ்திகரான நம் தர்க்கவாதிகளே விதித்த நியமம். இடையிட்டு வருவது என்னும் ஒன்றைக்கொண்டு காரணம் உண்டு என்று மட்டுமே துணியலாம். இன்ன காரணம் என்று துணிய, நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தியே ஆக வேண்டும்.

உதயனருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே பௌத்த ஆசாரியரான தர்மகீர்த்தியும், காரணமற்றது என்றும் இருக்கும் அல்லது என்றும் இராது என்ற இதே நியாயத்தைக் கூறியிருக்கிறார். அவர் ஈசுவரனை ஒப்பாதவர். ஒரே வாக்கியம் ஈசுவரனை ஏற்பவருக்கும் மறுப்பவருக்கும் பொதுவாக இருக்குமாயின், அவ்வாக்கியம் மட்டுமே ஈசுவரனுக்குச் சாக்ஷியாகிவிட முடியாது என்பது என் துணிபு. உதயனரும் அதை உணராதவரல்லர். ஈசுவரன் உண்டென்பதற்குரிய நேரான ஹேதுக்களை அவர் ஐந்தாம் ஸ்தபகத்தில்தான் எடுத்துவைக்கிறார். அதைப் படிக்க விரும்பும் அன்பர்கள் நடுவிலுள்ள மூன்றையும் தாண்டிக் குதிக்காமல் படிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.