ஆறிய சோறு யாருக்கு?

மேசைமீதுள்ள பாத்திரத்தின் கீழ் ஒரு சிறு தீ எரிகிறது. அது யாருக்காக எரிகிறது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா.

ஹோட்டல் விருந்துகளில் மூடியிட்ட நீண்ட பாத்திரங்களை வாசகர் கண்டிருப்பர். அடித்தட்டில் நீர், மேல்தட்டில் உணவு, கீழே விளக்கு. கொதிநீர் ஏறத்தாழ 100 பாகைக்கு மேல் சூடேறாதாகையால் உணவு கருகுவதில்லை. முந்தி வந்தவனுக்கும் பிந்தி வந்தவனுக்கும் சூடான உணவே கிட்டுகிறது. மேனாட்டில் இத்தகைய சட்டியில் மேசைமேலேயே சமைப்பதும் உண்டு. அமெரிக்கப் பாகசாஸ்திர ஆசிரியை ஃபேனி ஃபார்மர் 1898-இல் அதற்கெனத் தனி நூலே வெளியிட்டார்.

நம் அண்டை வீட்டுச் சீனச் சகோதரரின் ‘ஸ்டீம்போட்’ இன்னும் சிறந்தது. நடுவே கரி எரியும் குழாயும், சுற்றிலும் கொதிக்கும் சாறும் கொண்டது பழைய கலம். இன்று பெரும்பாலும் மின்சாரமோ எரிவாயுவோ கரியின் வேலையைச் செய்கிறது. முறை மட்டும் மாறவில்லை. பாட்டி முதல் பேரன் வரை சுற்றியமர்ந்து, மீனையும் கீரையையும் தாமே இட்டு வேகவைத்து உண்கின்றனர். உண்ணும் வேளையில் அடுப்படியில் நிற்க ஒருவர் வேண்டுவதில்லை.

நம்மவர் இல்லங்கள் பலவற்றில் நடப்பதென்ன? கணவன் உண்பான், மக்கள் உண்பர், தோசை கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வரும். எல்லோரும் எழுந்தபின், எஞ்சியதை ஆறிய நிலையில் உண்பவள் தாய். அவ்விளக்கு செய்யும் வேலையை நம் வீட்டில் அவளே செய்கிறாள்.

“பரிமாறுதல் அன்பன்றோ?” என்பாருண்டு. அன்பே; மறுக்கவில்லை. ஆயினும் அன்பு இருபுறமும் செல்லுதல் வேண்டும். ஆயுள் முழுதும் ஒருத்தியே பரிமாற, ஒருநாளேனும் பிறர் அவளுக்குப் பரிமாறாவிடின், அது வழக்கமேயன்றி அன்பாகாது. பிறரைக் குறைகூறுமுன் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம்: எம் அன்னையார்க்கு ஒருநாளும் நாம் சூடாக ஒரு தோசை வார்த்து இட்டதில்லை. இன்று இட விரும்பினும் அவர் இல்லை.

பாத்திரம் வாங்கினால் சமத்துவம் வந்துவிடுமோ? வாராது. மேசைமேல் தீயிருந்தும் அவள் நின்றுகொண்டேயிருப்பின் பயனென்ன? பாத்திரம் இல்லாவிடினும், சோற்றையும் குழம்பையும் மூடிக் கொணர்ந்து நடுவே வைத்து, யாவரும் ஒருங்கே அமர்தல் லயத்து வீட்டிலும் இயலும். சாதி ஒழியச் சமபந்தி போஜனம் நடத்திய மரபினர் நாம். அப்பந்தியில் நம் வீட்டு மாதருக்கும் இடமளித்தலை இன்றிரவே தொடங்குவோமாக!