முகப்பும் பின்கட்டும்

கதை எழுதுகிறவனைக் கட்டடக் கமிட்டியில் சேர்ப்பது, பாட்டுக் கச்சேரிக்கு வந்தவரைப் பந்திக் கணக்குப் பார்க்கச் சொல்வது போலத்தான். ஆனாலும் நான் படித்த பள்ளிக்கூடத்தின் செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு தேடி வந்து, கூடத்தில் உட்கார்ந்து, “பழைய ஹாலை இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நீங்கள் நம் பள்ளிப் பிள்ளை. நாலு பேர் அறிந்த பெயர். கூட இருந்து சொல்ல வேண்டும்” என்று கேட்டபோது எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. பள்ளியின்மேல் உள்ள பற்றினால் மறுக்கத் தோன்றவில்லையா, அல்லது அந்த ‘நாலு பேர் அறிந்த பெயர்’ என்ற சொல்லினாலா என்று இன்றைக்குக் கேட்டால், இரண்டாவதுதான் என்று ஒப்புக்கொள்வேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஹாலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர் வியாபாரிகள் சிலர் தங்கள் மகமைப் பணத்தில் கட்டியது. பர்மா தேக்கு உத்தரங்கள். உத்தரத்துக்கு உத்தரம் ஓர் அங்குலக் கனமுள்ள சிறிய செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டத்தில், சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கிக்கொண்டே போய், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கிய கூரை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்களாம். அதற்குமேல் தட்டோடு. மெட்ராஸ் டெரஸ் என்று இதற்குப் பெயர். சித்திரை வெயிலில் வெளியே தார் உருகும். உள்ளே, எங்கள் தமிழய்யா குரல் உயர்த்தாமல் பாடம் நடத்துவார். சுவரில் கன்னத்தை வைத்தால் குளிர்ந்திருக்கும். நான் முதல் கதையை எழுதியது அந்த ஹாலின் மூன்றாவது ஜன்னலடியில்தான், கணக்குப் பாடத்தின்போது.

இப்படிப்பட்ட இடத்தை இடித்துவிட்டு, மூன்று மாடியில், தெருவைப் பார்த்த பக்கம் முழுவதும் கண்ணாடி பதித்து, வாசலில் பளிங்குத் தரை போட்டு ஒரு கட்டடம் எழுப்ப வேண்டும் என்பது கமிட்டியில் பாதிப் பேருடைய யோசனை. “பக்கத்து ஊர்ப் பள்ளியில் ரிசப்ஷனிலேயே ஏ.சி. போட்டிருக்கிறார்கள். பெற்றோர்கள் காரை விட்டு இறங்கியதும் எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் அட்மிஷன்” என்றார் நன்கொடையாளர் ஒருவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனாலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

கமிட்டி அமர்த்தியிருந்த ஆர்க்கிடெக்ட் நல்ல மனிதர், இளைஞர். அவருக்கும் பழைய ஹாலின்மேல் காதல். சிமெண்டு வந்தபிறகு நாம் பழைய சுவர்களுக்குச் செய்த கொடுமையைப் பற்றி அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிப் பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். நாம் அதைப் பார்த்து, ‘பழைய கட்டடம், உளுத்துப்போச்சு’ என்கிறோம். உளுக்க வைத்ததே நாம்தான். இதை எனக்குக் கண்ணாரக் காட்டுவதற்காக, சென்னையில் தாம் புதுப்பித்துக்கொண்டிருந்த ஒரு கிளப்புக்கு என்னை அழைத்துச் சென்றார்.

கிளப் என்றதும் எனக்கு உள்ளூர ஒரு கூச்சம் உண்டு. இந்த நகரத்தின் கிளப்புகளுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. மெட்ராஸ் கிளப் 1832ல் வெள்ளைக்காரர்களுக்காக ஏற்பட்டது. இந்தியருக்கு அங்கே இடமில்லை. 1873ல் காஸ்மாபாலிட்டன் கிளப் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். வெள்ளைக்காரர் போய் வெகுகாலம் ஆன பிறகு, 2014ல், வேட்டி கட்டிக்கொண்டு போன உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே ஒரு கிளப் வாசலில் நிறுத்தி உள்ளே விட மறுத்தார்கள். அதே ஆண்டு சட்டசபையில் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஆக, கிளப் கட்டடத்தில் முக்கியமான பகுதி கதவுதான். யாரை உள்ளே விடுவது என்பதைக் காட்டிலும் யாரை வெளியே நிறுத்துவது என்பதற்காகவே கட்டப்படும் ஒரே கட்டடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். (சிறைச்சாலையை இதில் சேர்க்க முடியாது, அங்கே கதவின் நியாயம் தலைகீழ்.)

இவ்வளவையும் யோசித்துக்கொண்டேதான் அந்த வராந்தாவில் ஏறினேன். ஏறினவன் மயங்கிப்போனேன். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய தூண்கள். பளிங்கு என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். பளிங்கு இப்படி இருக்காது. அரைமணி நேரம் அந்தத் தூண்களுக்கு நடுவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். பிறகு கை கழுவப் போகையில் வழி தவறி ஒரு கதவைத் திறந்துவிட்டேன். சமையற்கட்டு. மேலே தகரக் கூரை. எட்டோ பத்தோ பேர் பனியனோடு நின்று வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார்கள். மாடிக்குச் சாப்பாடு கொண்டுபோக இரும்பில் ஒரு சுழல் படிக்கட்டு. அதில் ஒரு பையன் இரண்டு கைகளிலும் தட்டு ஏந்தி, முழங்கையால் சுவரைத் தொட்டுத் தொட்டு ஏறிக்கொண்டிருந்தான். ஆர்க்கிடெக்டிடம் கேட்டேன். “அது இந்த எஸ்டிமேட்டில் வரவில்லை, சார்” என்றார்.

பார்த்தேன். கதவைச் சாத்தினேன். தூண்களைத்தான் நினைத்துக்கொண்டே ஊர் திரும்பினேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நான் பேசிய பேச்சைப் பற்றி இன்றும் எங்கள் ஊரில் சொல்லுவார்கள். முன்னோர் உழைப்பு, பெண்கள் கட்டையால் அடித்த தாளம், மூன்றாவது ஜன்னல் எல்லாம் வந்தன. லாரி பேக்கரைப் பற்றியும் சொன்னேன். 1945ல் இந்தியாவுக்கு வந்து கேரளத்திலேயே தங்கிவிட்ட அந்த ஆங்கிலேயர், திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் வளாகத்தைக் கட்டியபோது மரத்துக்காகச் சுவரை வளைத்தாரே தவிர, சுவருக்காக மரத்தை வெட்டவில்லை. மேட்டை மேடாகவும் பள்ளத்தைப் பள்ளமாகவும் விட்டே கட்டினார். “ஒரு மரத்துக்கு அவர் காட்டிய மரியாதையை நாம் நம் ஆசிரியர்கள் நின்ற இடத்துக்குக் காட்டக் கூடாதா?” என்று முடித்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக் கட்டடக் கட்சி தோற்றது. ஹாலைப் புதுப்பிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம்.

பிளானில் ஐந்து தாள்கள் இருந்தன. முதல் தாளில் ஹாலின் முகப்பு, வர்ணம் தீட்டியிருந்தது. அதில் என் கையெழுத்தைக் கேட்டார்கள், போட்டேன். நாலாவது தாளைப் பிறகுதான் பார்த்தேன். பெண்கள் கழிப்பறைத் தொகுதி ஒன்றும், மாடி வகுப்புகளுக்கு இரண்டாவது மாடிப்படி ஒன்றும் அதில் இருந்தன. இரண்டுக்கும் நேராகச் சிவப்பு மையில் ‘இரண்டாம் கட்டம்’ என்று எழுதியிருந்தது. பணம் அவ்வளவுதான். தேக்கை மாற்றத் தேக்கு வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்கள் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வர வேண்டும். என் பேச்சுக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையை நான் கொடுக்கவில்லை.

யார் கொடுத்தார்கள் என்பது திறப்புவிழா அன்று தெரிந்தது. ஹால் புதுமெருகோடு ஜொலித்தது. மாலையும் கழுத்துமாக மூன்றாவது ஜன்னலண்டை போய் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். கூட்டம் கலைந்த பிறகு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“நீங்க படிச்ச எடமாமே, ஐயா? ஜோரா இருக்கு.”

“உங்களுக்குப் பிடிச்சிருக்காம்மா?”

“புடிச்சிருக்கு. பொம்பளப் புள்ளைங்களுக்கும் ரெண்டு ரூமு கட்டியிருக்கலாம். காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்காதுங்க. குடிச்சா போவணும்ல? அங்க போனா தாப்பா கெடையாது. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளியில கதவ இழுத்துப் புடிச்சிக்கிட்டு நிக்கணும்.”

இதை அவள் புகாராகச் சொல்லவில்லை. ஊரில் மழை இல்லை என்பதைப் போலச் சொன்னாள்.

சட்டத்துக்குக் கணக்குக் காட்ட மைதானத்தின் கோடியில் மூன்று அறைகள் இருக்கின்றன. 2009ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. தாழ்ப்பாளைப் பற்றிச் சட்டத்தில் என்ன எழுத முடியும்? நான் படித்த காலத்தில் எங்கள் பள்ளியில் பெண்களே கிடையாது. பையன்களுக்கு மதிலுக்கு அப்பால் இருந்த கருவேலங்காடு போதுமாக இருந்தது. இப்போது பாதிக்குப் பாதி பெண்கள். என் ஞாபகத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் கழிப்பறையே இல்லை. இல்லாததை நான் எப்படிக் காணவில்லை என்று உணர்வேன்? அந்த ஞாபகத்தைத்தான் நான் அத்தனை பேர் பணத்தில், தேக்கு வைத்துப் புதுப்பித்துக் கொடுத்தேன்.

மாடிப்படி விஷயம் இதைவிடப் பெரிது. எங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் தூரமில்லை. 2004ம் ஆண்டு ஜூலை 16ந் தேதி அங்கே ஒரு தனியார் பள்ளியில், சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகள் இறந்தார்கள். இறங்கி ஓட அந்தக் குழந்தைகளுக்குக் குறுகலான படி. அந்த வாரம் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் சரியாக அடுப்பு எரியவில்லை. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றைப் பிரித்தார்கள். ஆனால் படிகளை யார் அளந்தார்கள்? பள்ளிக்கூட மாடிப்படி ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது என்று தேசியக் கட்டட விதிகள் சொல்கின்றன. திறப்புவிழாவுக்கு மறுநாள், மாலையெல்லாம் வாடின பிறகு, நான் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் எங்கள் பள்ளியின் ஒரே மாடிப்படியை அளந்தேன். கைப்பிடியிலிருந்து சுவர் வரை ஒன்று பதினைந்து. வாட்ச்மேன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

அப்படியானால் கண்ணாடிக் கட்டடக்காரர்கள் சொன்னதுதான் சரியா? அதையும் என்னால் ஒப்ப முடியவில்லை. அவர்களுடைய பிளானிலும் தெருவைப் பார்த்த பக்கத்துக்குத்தான் பணம். அவர்கள் காரிலிருந்து இறங்கும் தகப்பனாருக்காகக் கட்ட நினைத்தார்கள். நான் செத்துப்போன என் பால்யத்துக்காகக் கட்டினேன். இரண்டு பிளானிலும், காலை ஒன்பது மணிக்குப் பையோடு உள்ளே நுழைந்து சாயங்காலம் நாலரைக்கு வெளியே வரும் பெண் இல்லை. கிளப்பில் மெம்பருக்காகக் கட்டுகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கட்டுகிறார்கள். சமையற்காரன் மெம்பர் இல்லை. அவன் கூரை தகரம். அது நியாயம் இல்லைதான், ஆனால் கணக்கு ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மெம்பர் யார்? பிள்ளைகள் என்றுதான் எல்லாரும் சொல்லுகிறோம். கமிட்டியில் பதினொரு பேர் இருந்தோம். ஒருவருக்கும் ஐம்பது வயதுக்குக் குறைவில்லை, என்னைத் தவிர. ஒருவரும் பெண் இல்லை.

நம் பழைய வீடுகளில் முன்கட்டு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று போகும். பின்கட்டில்தான் கிணறு, அடுப்பு, நெல் குத்துவது, பெண்கள் பேசுவது எல்லாம். வீட்டின் உயிர் அங்கேதான் இருந்தது. வெளிச்சம் மட்டும் முன்கட்டில். நான் கதை எழுதும்போது எப்போதும் பின்கட்டிலிருந்துதான் தொடங்குவேன் என்று மேடைகளில் சொல்லிக்கொள்வேன். அதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

செயலாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “ஒரு வழி இருக்கிறது. நீங்கள் சம்மதித்தால்தான் செய்வேன். லீவு நாட்களில் ஹாலைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம். ஊரில் நல்ல கேட்பு இருக்கிறது. அந்தப் பணத்தில் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கிவிடலாம். ஆனால் ஆர்க்கிடெக்ட் அடிதடிக்கு வருவார். ‘நம் ஆசிரியர்கள் நின்ற இடம்’ என்று நீங்களும் ஏதாவது பேசிவிட்டீர்களானால் நடக்காது” என்றார்.

நான் எதுவும் பேசவில்லை. தாளை நீட்டினார், இந்தத் தடவை ஐந்து தாளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

போன ஆவணியில் முதல் முகூர்த்தம். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம், நானும் போயிருந்தேன். சாப்பாட்டு வாசனையும் நாதஸ்வரமும் அந்தச் சுவர்களுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தன. மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே ஐஸ்கிரீம் மேஜை. சீரியல் விளக்குத் தொங்கவிடுவதற்காகப் புதுச் சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அறைந்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. ஓர் ஆணியைச் சுற்றிப் பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து, செங்கல் தெரிந்தது. தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கமாக வெளியே வந்தேன். கழிப்பறைக்குக் கடைக்கால் வெட்டிய ஈர மண் அங்கே இடுப்புயரம் குவிந்து கிடந்தது.