'சாமி'யும் 'டா'வும்

1994ஆம் வருஷம். கல்லூரி விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். களத்துமேட்டில் பண்ணைக்காரர் பேரன், பதினைந்து வயசுப் பையன், எங்கப்பாவைப் பேர் சொல்லி "இங்க வாடா" என்றான். அறுபது வயசு அப்பா "இதோ வந்துட்டேன் சாமி" என்று ஓடினார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கத்தினேன்: "இனிமே அந்த வார்த்தை உன் வாயில வந்துச்சு, நான் உனக்குப் புள்ளையே இல்ல."

அன்றோடு அப்பா 'சாமி'யை விட்டுவிட்டார். அந்த இடத்தில் வைக்க அவரிடம் வேறு சொல் இல்லை. 'தம்பி' என்று சொல்ல வாய் எழவில்லை. ஊர்க்காரர்கள் எதிரே வந்தால் வரப்பு மாறி நடந்தார். என்னிடமும் பேச்சு சுருங்கியது. ஒருநாள் நான் எதையோ சொல்ல, "சரிங்க" என்றார். பெத்த புள்ளைக்கு 'ங்க' போட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நமக்கான பேர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 1893இல் இரட்டைமலை சீனிவாசன், இழிவென்று வீசப்பட்ட சொல்லையே எடுத்துப் 'பறையன்' என்று பத்திரிகை நடத்தினார். 1922இல் அரசாங்கப் பதிவுகளில் 'ஆதிதிராவிடர்' வந்தது. 1930களில் காந்தி பரப்பிய 'ஹரிஜன்' வேண்டாமென்று தள்ளினோம், 'தலித்' என்றோம். எல்லாம் தேவையான சண்டைகள். ஆனால் பேரில் நடந்த சண்டை, கூப்பிடும் சொல்லின் வாலுக்கு வந்து சேரவில்லை. தமிழில் ஒருத்தரை 'வா' என்று கூப்பிடுவதற்கு முன்னால் அவர் மேலா கீழா என்று முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. மரியாதை கொடுக்க மனசில்லாமல், 'டா' போடவும் பயந்துபோனவர்கள் புது இலக்கணம் வைத்திருக்கிறார்கள்: "சாப்பிட்டாச்சா?" "எங்க பயணம்?" டாவும் இல்லை, ங்கவும் இல்லை.

அப்படியானால் யார் மாற வேண்டும்? நான் அப்பாவின் வாயைத் திருத்தினேன். அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடிபட்டவரிடம் கோபப்படுவது சுலபம். அவர் திருப்பி அடிக்கமாட்டார். சுயமரியாதையை உத்தரவாகப் போட்டால், போடுகிறவனும் ஆண்டைதான்.

பிறகு அப்பாவைக் கேட்டுக்கொண்டு, அவரோடு போய் அந்தப் பையனிடம் சொன்னேன்: "எங்கப்பாவப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க." முறைத்தான். அதற்கப்புறம் "வேலைக்கு வர்றதா?" என்றுதான் கேட்டான். கிடைத்தது பாதிதான். மீதி இன்னும் பாக்கி.

அன்று ராத்திரி அப்பா என்னைக் கேட்டார்: "சாப்ட்டியாடா?"

அதே 'டா'தான். அது எனக்கு வேண்டும்.