எழுத்துப் பிழையும் நீதியும்

1896 ஆம் ஆண்டில் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில மருத்துவர், 14 வயதுச் சிறுவனொருவனைப் பற்றி எழுதினார். கூர்மதி படைத்தவன், கணக்கில் தேர்ந்தவன், ஆயினும் வாசிக்க இயலாதவன். போதனை முழுவதும் வாய்மொழியாக அமையுமாயின் பாடசாலையில் இவனே முதல்வன் என்றார் அவனது ஆசிரியர்.

எழுத்தை ஒலியோடு இணைப்பதில் மூளைக்குள்ள இவ்விடர்ப்பாட்டை இன்று 'டிஸ்லெக்சியா' என்கிறோம். இதனையுடைய இத்தாலியரிடமும் ஆங்கிலேயரிடமும் மூளையின் இயக்கம் ஒன்றுபோலவே இருந்தும், வாசிப்பில் இத்தாலியரே மேம்பட்டனர் என 2001 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. இத்தாலிய மொழியில் எழுத்தும் ஒலியும் பெரிதும் ஒத்துச் செல்லும், ஆங்கிலத்தில் அவ்வாறன்று. ஆகவே தாய்மொழியை ஒருவாறு வாசிக்கும் மாணவன் ஆங்கிலத்தில் இடறுவது சோம்பலன்று.

நம் நாட்டுச் சிங்கள இளைஞர் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பர். வாள் என்பது பொருள். உத்தியோக வாயிலில் நிற்கும் அவ்வாள் வறியோரை வெட்டுவதை நாம் அறிவோம். இம்மாணவன் வறியவனுமாயின் இருமுறை வெட்டுண்கிறான். செல்வர் மகனுக்குத் தனிப்பயிற்சி உண்டு. தோட்டத் தொழிலாளியின் மகனுக்கோ 'மக்கு' என்ற பெயரே மிஞ்சுகிறது.

எல்லோரையும் ஒரே தாளால் அளப்பது சமத்துவம் என்பர். எழுத்துக் கூட்டும் திறனை அளந்துவிட்டு, மொழியறிவை அளந்தோமென்று கூறுவது சமத்துவமாகாது. கேட்டு விளங்கிப் பேசத் தெரிந்தவன் மொழி அறிந்தவனே. அவன் செவிக்கும் நாவுக்கும் உரிய புள்ளியைக் கோருவது ஆசிரியராகிய நமது கடமை.