யார் எழுதிய கதை?

அமெரிக்கச் சிறுகதைத் தொகுதிகளில் எதைப் படிக்கலாம் என்று கேட்கிற அன்பர்களுக்கு, ரேமண்ட் கார்வரின் ஒரே தொகுதியை இரண்டு விதமாகப் படிக்கச் சொல்வேன். ‘காதலைப் பற்றிப் பேசும்போது நாம் எதைப் பேசுகிறோம்’ என்று பொருள்படும் தலைப்போடு 1981-ல் வந்தது ஒன்று. அதன் மூலப் பிரதி ‘பிகினர்ஸ்’ என்ற பெயரில் 2009-ல் வந்தது.

கைப்பிரதியில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ். 1980 ஜூலையில், புத்தகத்தையே நிறுத்திவிடும்படி கார்வர் மன்றாடிக் கடிதம் எழுதினார். புத்தகம் நிற்கவில்லை. வெட்டுண்டபடியே வந்து, பெரும் புகழையும் தேடித் தந்தது.

அதில் ஒரு கதை. மகனின் பிறந்தநாளுக்குத் தாய் கேக் செய்யச் சொல்லியிருக்கிறாள். அன்று பையன் காரில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். விஷயம் தெரியாத ரொட்டிக்கடைக்காரன் டெலிபோன் செய்துகொண்டே இருக்கிறான். லிஷ் விட்டுவைத்த கதை, மணி அடித்து யாரோ பேசுவதோடு முடிந்துவிடுகிறது. கார்வர் எழுதியதிலோ பையன் இறந்துபோகிறான். பெற்றோர் ஆத்திரத்தோடு கடைக்குப் போகிறார்கள். கடைக்காரன் மன்னிப்புக் கேட்டு, சூடான இனிப்பு ரொட்டியைச் சாப்பிடக் கொடுக்கிறான். மூவரும் விடியும்வரை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வெட்டிய கதை சாமர்த்தியமானதுதான், மறுக்கவில்லை. என் கதைகளிலும் பத்திராசிரியர்கள் கை வைத்ததுண்டு. சில கதைகள் பிழைத்ததே அதனால்தான். புகழை வாங்கி வைத்துக்கொண்டு கத்தரியை மட்டும் நொந்துகொள்வது நியாயமா என்றுகூடத் தோன்றும். இருந்தாலும், அந்த ரொட்டியை எடுத்துவிட ஒருவருக்கு எப்படி மனம் வந்தது?

1983-ல், ‘கதீட்ரல்’ தொகுதியில், கார்வர் அதைத் திருப்பி வைத்துவிட்டார். தொகுதி முழுவதும் மூல வடிவில் அச்சேறியபோது அவர் இல்லை. 1988-லேயே காலமாகியிருந்தார்.