பளிங்குத் தூண்

சேலையூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கான்கிரீட் தூண் இருக்கிறது. பார்த்தால் வெள்ளைப் பளிங்கு. உடம்பெல்லாம் சாம்பல் நிற நரம்புகள். 1998இல் அப்பா நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வரைந்தது.

பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, வெள்ளை எனாமல் இரண்டு கோட் அடித்தார். காய்ந்ததும், வெள்ளையில் துளி கறுப்பு கலந்து டர்பன்டைன் விட்டு நீர்க்கவைத்து, பஞ்சால் அங்கங்கே ஒற்றினார். அந்த ஈரத்திலேயே கோழி இறகின் நுனியால் நரம்பு இழுத்தார். இறகை விரலுக்குள் உருட்டிக்கொண்டே இழுத்தால்தான் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். உடனே காய்ந்த பிரஷ்ஷால் லேசாகத் தடவினால் ஓரம் கலங்கி, கோடு கல்லுக்குள் இறங்கியதுபோல ஆகிவிடும். "ரெண்டு கோடு பக்கத்துல பக்கத்துல ஒரே மாதிரி போகக் கூடாதுடா. போனா பெயிண்ட்னு தெரிஞ்சுடும்."

2009இல் கல்லூரி நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். "செம்மயா இருக்கே மச்சான், மார்பிளா?" என்றான். "ஆமா, ராஜஸ்தான்லேர்ந்து" என்றேன். அப்பா அங்கேதான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்கவே இல்லை.

போன வருடம் வீட்டைப் புதுப்பிக்கும்போது தூணை டைல்ஸால் மூடிவிடலாம் என்றேன். "போலியா இருக்குப்பா." நான் தேர்ந்தெடுத்திருந்த டைல்ஸிலும் பளிங்கு நரம்புதான், மெஷின் அச்சடித்தது. அப்பா, "உனக்கு எது தோணுதோ செய்" என்றார்.

அந்தத் தூண் பொய்யா? ஜான் ரஸ்கின் 1849இல் வெளியான 'கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்' நூலில், மரத்தைப் பளிங்குபோல வண்ணம் தீட்டுவதை ஏமாற்று என்கிறார். அதே நூலில், கட்டடத்துக்குத் தங்கமுலாம் பூசுவது ஏமாற்று அல்ல, அதை யாரும் தங்கம் என்று நம்புவதில்லை. நகையில் பூசினால் ஏமாற்று, அங்கே நம்புவார்கள் என்கிறார். அப்படியானால் பொய் பொருளில் இல்லை, பார்ப்பவரின் நம்பிக்கையில் இருக்கிறது.

பொருளே உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கே நிறுத்துவது? பெயிண்டைச் சுரண்டினால் பட்டி, அடியில் சிமெண்ட், உள்ளே கருங்கல் ஜல்லி. எங்கள் பக்கத்து மலைக்கல்லுக்குப் பெருமை குறைவில்லை. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இந்தப் பல்லாவரம் வகைக் கல்தான். அதை வைத்தே 1893இல் தாமஸ் ஹாலண்ட் இதற்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். அதற்காக யாரும் ஜல்லி தெரிகிற மாதிரி வீடு கட்டுவதில்லை.

சரி, ஆனால் அப்பா "தெரிஞ்சுடும்" என்று பயந்தாரே? பயந்தார்தான். மேஜிக் செய்பவரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் நினைக்கிறார். ஆனால் டிக்கெட்டிலேயே மேஜிக் என்று எழுதியிருக்கிறது. வருகிறவர்களிடம் அப்பா தூணைத் தட்டிக்காட்டி, "நானே போட்டது" என்பார். தூண் யாரையும் ஏமாற்றவில்லை. ராஜஸ்தான் என்று சொன்னது நான்.

சமீபத்தில் அதே நண்பன் வந்தபோது ஒப்புக்கொண்டேன். சிரித்தான். "அன்னைக்கே தெரியும்டா. கீழ ஓரத்துல பிரஷ் முடி ஒண்ணு ஒட்டியிருந்துச்சு."

அப்படியென்றால் என் பொய்யை யாருமே நம்பவில்லை. ரஸ்கின் கணக்குப்படி குற்றம் இல்லை. இருந்தும் அந்தப் பேப்பர் இறங்காமல் நின்றது எனக்கு மறக்கவில்லை. பொய்யால் காயப்படுபவர் அதைக் கேட்டு ஏமாந்தவர் என்றுதான் நாம் எப்போதும் நினைக்கிறோம். என் பொய்யில் ஏமாந்தவர் யாரும் இல்லை; காயப்பட்டவர் மட்டும் இருந்தார். ஒரு மனிதரின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை, அவர் காது கேட்க, நான் ராஜஸ்தானுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

டைல்ஸ் வாங்கவில்லை. தூணின் அடியில் பெயர்ந்த இடத்தை இப்போது நானே பூசுகிறேன். அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, நாற்காலியில் உட்கார்ந்து சொல்லித்தருகிறார். என் நரம்புகள் எல்லாம் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் போகின்றன.

"பெயிண்ட்னு தெரியுதுடா" என்றார்.

"தெரியட்டும்பா" என்றேன்.